பதினோராம் பக்கம்

செவ்வாய்க்கிழமைப் படகில் வந்தது பெட்டி.
சிலோயே மழையில் ஊறிய அட்டைக்குள்
ஊறாத முப்பது புத்தகங்கள்.
ஒன்றில்கூட
'ஒரே ஒரு ஊரிலே' இல்லை.

ஒன்பது பேர் என் வகுப்பில்,
ஆறு வயது, ஏழு வயது.
விறகடுப்புக்கு மேலே
பதினேழு காலுறைகள் காய்கின்றன.
ஒன்று எப்போதும் காணாமல் போகும்.

எரிமலையை எடுத்துக்கொண்டாள் நயாரெத்.
மண்புழுவுக்கு இருவர் சண்டை.
திமிங்கிலத்தை மடியில் கிடத்திக்கொண்டு
தாமசோ கேட்டான்:
"அத்தை, இதில் ராஜா யாரு?"

இந்தத் தீவில் பாடம் நடத்துகிற எல்லோரும் அத்தைதான்.

"ராஜா இல்லையே."
"கெட்டவன்?"
"அவனும் இல்லை."
"அப்போ கடைசியில் என்னதான் ஆகும்?"
"கடைசியில் ஒரு சொற்பட்டியல் வரும்."
அவன் முகம் போன போக்கை
எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பயிற்சி வகுப்பில் சொல்லித்தான் அனுப்பினார்கள்:
முதலில் பொருளடக்கம் காட்டு,
படத்துக்கு அடியில் இருக்கும் சின்ன எழுத்தைத் தொடச் சொல்,
'உண்மை' என்று பலகையில் எழுது.
நான் சுண்ணக்கட்டியைத் தேடுவதற்குள்
பாதிப்பேர் நடுப்பக்கத்தில் இருந்தார்கள்.
கதையென்றால் அதட்டியிருப்பேன்.
இது கடைத்தெரு.
எந்த முனையிலும் நுழையலாம்,
வேண்டாத கடையைத் தாண்டிப் போகலாம்,
ஒரே கடை வாசலில்
காலை முழுக்க நிற்கலாம்.

ஃபிதெலியா எழுத்துக்கூட்டினாள்.
விரல் ஊர்ந்தது, பின்னாலேயே வாய்:
"நீ-லத் தி-மிங்-கி-லம்
இரு-பத்-தைந்து மீட்-டர்."

"அது எவ்வளவு? இங்கேயிருந்து அடுப்பு வரைக்குமா?"
"அடுப்பு அதன் நாக்குக்கே காணாது"
என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அது எந்தப் பக்கத்திலும் இல்லையென்று.

சிப்பிப் பண்ணையின் பழைய கயிற்றை
மீட்டர் கோலால் அளந்து அளந்து
முடிச்சிட்டோம்.
தலையைப் பிடிக்க ஒன்பது பேரும் தயார்,
வாலுக்கு ஆளில்லை.
பிறகு உலீசெஸ் சம்மதித்தான்,
மண்புழுப் புத்தகம் இன்று முழுக்க
தனக்குத்தான் என்ற நிபந்தனையில்.

முற்றம் பதினெட்டு மீட்டரில் தீர்ந்தது.
திமிங்கிலம் தீரவில்லை.
வேலிக்கடியில் புகுந்து
ஒயார்சோவின் உருளைக்கிழங்கு வயலில்
மீதியை நீட்டினோம்.
பாத்தி நடுவே, முழங்கால் வரை சேற்றில்,
வாலைத் தூக்கிப் பிடித்தபடி
விறைத்து நின்றான் உலீசெஸ்.
அவ்வளவு தூரத்தில் அவன்
புத்தகத்துப் படம்போலச் சின்னதாய்த் தெரிந்தான்.

மண்வெட்டியோடு வந்தார் ஒயார்சோ.
"என்ன இது?"
"திமிங்கிலம்!"
கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஒரு பார்வை பார்த்தார்.
"சின்னது" என்றார்.
"கொர்கோவாதோ வளைகுடாவில்
நான் பார்த்தது இதைவிடப் பெரிசு."

தலையை விடாமல் தாமசோ கேட்டான்:
"எந்தப் பக்கத்தில்?"

அவர் என்னைப் பார்த்தார்.
நான் கயிற்றைப் பார்த்தேன்.
"பக்கமெல்லாம் இல்லை, படகில் இருந்தேன்."
"அளந்தீங்களா?"
"அது நின்றால்தானே!"

பெருமழை பிடித்துக்கொள்ள
எல்லோரும் ஓடிவந்துவிட்டோம்.
திமிங்கிலம் இரவெல்லாம் வெளியே நனைந்தது.
மிதிபட்ட மூன்று செடிகளுக்கு
மறுநாள் கணக்குக் கேட்டார் ஒயார்சோ.
எண்ணிப் பார்த்தேன், நான்கு.
சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை புத்தகங்களை அடுக்கும்போது
பதினோராம் பக்கத்தில்,
அச்சிட்ட இருபத்தைந்துக்குக் கீழே,
பென்சிலில், வரி சரிந்து சரிந்து:
ஒயார்சோ மாமா பார்த்தது இதைவிடப் பெரிசு.
ஆனால் அளக்கவில்லை.

பொதுப் புத்தகத்தில் எழுதக்கூடாது.
அழிக்கத்தான் வேண்டும்.
அழிரப்பரை எங்கோ வைத்துவிட்டேன்
என்று மேலிடத்துக்கு எழுதினேன்.
அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.